கோட்டுக்கு வெளியே ஒரு பாய்லர்

மார்ச் 3

ஒரு நீல டவலின் வாழ்க்கையை வரையச் சொல்லியிருக்கிறார்கள். பருத்தியாகப் பிறந்ததிலிருந்து குப்பைக்குப் போவது வரை. எங்கள் டவலை வாங்கும் ஓட்டல்காரர்கள் கேட்டார்களாம், இதனால் எவ்வளவு தண்ணீர் கெடுகிறது, எவ்வளவு புகை போகிறது என்று. கம்பெனியில் இதைப் படித்தவள் நான் ஒருத்திதான், அதனால் என் தலையில் விழுந்தது. சந்தோஷப்பட வேண்டும். ஒன்றும் தோன்றவில்லை. கல்யாணம் முறிந்ததிலிருந்து எதற்கும் ஒன்றும் தோன்றுவதில்லை.

மார்ச் 11

பருத்தி, நூல், நெசவு, சாயம், தையல், லாரி, ஓட்டல் சலவை, குப்பை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி, நடுவில் அம்புக்குறி. சாயப் பெட்டிக்கு விவரம் கேட்கக் கீழே பட்டறைக்குப் போனேன். பாய்லர் பக்கத்தில் அத்தான் நின்றிருந்தார். அக்கா புருஷன், பாய்லரைப் பார்த்துக்கொள்கிறவர். நான் பெட்டியும் கையுமாக அவர்கள் வீட்டு வாசலில் நின்றபோது ஒரு கேள்வி கேட்காமல் மாடியறையைத் திறந்துவிட்ட மனுஷன்.

"என்னம்மா, என்னையும் படத்துல போடுவியா?"

"உங்களைப் போட மாட்டாங்க அத்தான். புகையை மட்டும்தான்."

"அதுவும் சரிதான். என் மூஞ்சிக்கு அது தேவலை."

நகக்கண்ணெல்லாம் நீலம். நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 24

மீட்டிங். எங்கள் கம்பெனிக்குள் நடப்பதில் நெசவும் தையலும் கடுகளவு, சாயம்தான் மலை. அதிலும் பாய்லர்தான். எங்கள் மேனேஜர் எதற்கும் "சரி சரி" என்பார், அதனால் எனக்கு அவர் சரிசரி. படத்தில் நான் போட்டிருந்த புள்ளிக்கோட்டைப் பேனாவால் தட்டினார். இது எதற்கு என்றார்.

"நம்ம காம்பவுண்டுக்குள்ள நடக்கறதைச் சுத்தி ஒரு கோடு சார். நம்ம பங்கு தனியாத் தெரியறதுக்கு."

"அப்போ சாயத்தை வெளிய கொடுத்துட்டா நம்ம பங்குல வராது?"

"வராது சார், ஆனா டவலோட மொத்தக் கணக்குல—"

"சரி சரி" என்று எழுந்துவிட்டார். மீதியைச் சொல்ல அவர் பின்னாலேயே ஓடியிருக்கலாம். உட்கார்ந்தே இருந்தேன்.

ஏப்ரல் 2

சாயப்பட்டறையை மூடுகிறார்கள். வெளியூரில் ஒரு பட்டறைக்கு அந்த வேலை போகிறது. யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்றார் சரிசரி. வீட்டில் அத்தான் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். அக்கா இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்றாள். போட்டுக்கொண்டேன். எப்படித் தொண்டையில் இறங்கியது?

ஏப்ரல் 5

சொல்லிவிட்டேன், மாடிப்படியில் வைத்து. அத்தான் கைப்பிடியில் உரிந்திருந்த பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"கோடு நீ போட்டதா?"

"ஆமா அத்தான்."

"விடு. உன் வேலையைத்தானே நீ செஞ்சே."

நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 21

பாய்லரை லாரியில் ஏற்றினார்கள். பழைய இரும்புக்குப் போகிறது என்று நினைத்தேன். இல்லை. அந்த வெளியூர்ப் பட்டறையே வாங்கிவிட்டதாம்.

மே 6

அத்தானையும் கூப்பிட்டுக்கொண்டார்கள். அந்த பாய்லர் வேறு யார் கைக்கும் அடங்கவில்லையாம். ராத்திரி முழுக்க பஸ். மாதத்துக்கு ஒரு தடவை வருவாராம். அக்கா அவருக்குச் சட்டைகளை மடித்துக் கொடுத்தாள்.

ஜூன் 14

படத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டிவிட்டார்கள். கோட்டுக்குள் படு சுத்தம். எல்லோரும் கைதட்டினார்கள், நான் தலையாட்டினேன். டவல் அதே நீலம்.

ஜூன் 15

நான் என்ன மரக்கட்டையா?

ஜூலை 2

அத்தான் போனில் பேசினார். "அதே பாய்லர்தான்மா. இங்க விறகுதான் கூடத் தின்னுது." பாய்லருக்குப் பின்னாலேயே படுக்கையாம். அனல் தாங்கவில்லையாம். அக்காவிடம் சொல்லாதே என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அக்கா பக்கத்தில்தான் நின்றாள்.

ஜூலை 9

இன்னொரு படம் வரைந்தேன், கோடு இல்லாமல். வெளியூர்ப் பட்டறை, விறகு, துணியைக் கொண்டுபோய்க் கொண்டுவரும் லாரி எல்லாம் உள்ளே. மொத்தம் முன்னைவிடக் கூடித்தான் இருக்கிறது. சரிசரியைக் கேட்காமல் ஓட்டல்காரர்களுக்கு அனுப்பிவிட்டேன்.

ஜூலை 16

ஓட்டலிலிருந்து பதில் வந்தது. நேரில் போய்ப் பார்க்க வேண்டும், சாயப்பட்டறை விலாசம் தாருங்கள் என்கிறார்கள். ஆபீசில் எனக்குத் தர மாட்டார்கள். விலாசம் அக்காவிடம் இருக்கிறது. அத்தானின் பிரஷர் மாத்திரையைக் கூரியரில் அனுப்புகிறவள் அவள்தானே.

அடுப்படியில் கேட்டேன். எதற்கு என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"கொடுத்தா அவர் வேலை போயிடுமா?"

"போகலாம். என்னோடதும்."

குழாயை மூடினாள்.

"அத்தானை ஒரு வார்த்தை கேட்டுடலாமாக்கா?"

"கேட்டா வேண்டாம்பார். நமக்காக அங்கேயே கிடந்து வேகுவார். போனாப் போகட்டும்டி. வீட்டுக்காவது வருவார் இல்ல."

விலாசத்தை அவள் எங்கும் தேடவில்லை, பின்கோடு வரைக்கும் மனப்பாடம். அவள் சொல்லச் சொல்ல நான் போனில் அடித்து அனுப்பினேன். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அழுகை வந்துவிட்டது, அதுவே ஆச்சரியம். அக்கா ஈரக்கையோடு என் தலையில் ஒரு தட்டு தட்டினாள். "இத்தனை நாள் எங்கடி போயிருந்தே" என்றாள்.

ஆகஸ்ட் 3

சரிசரி இந்தத் தடவை "சரி சரி" என்று சொல்லவில்லை. என் மேஜையைக் காலி செய்யச் சொன்னார்.

ஆகஸ்ட் 11

விடியற்காலையில் வாசல் கதவு தட்டும் சத்தம். நான்தான் முதலில் இறங்கிப் போனேன். அத்தான், தோளில் பை, கையில் பெட்டி. ஓட்டல்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம், மறுநாளே ஆர்டர் நின்று அவர் வேலையும் போய்விட்டதாம். இளைத்திருந்தார். என்னையே பார்த்தார்.

"கடைசியில என்னையும் படத்துல போட்டுட்டே."

கோபமா இல்லையா என்று குரலில் தெரியவில்லை. பயமாக இருந்தது, நன்றாகவே பயமாக இருந்தது. ஒன்றும் கேட்காமல் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தேன். அக்கா எழுந்து வந்துகொண்டிருந்தாள்.