எது நம்ம வண்டி?

பெரியவன் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முட்டிவலி தேவலையா? நான் சொல்லச் சொல்ல கேன்டீன்காரர் எழுதுகிறார்.

நம் பெரியவன் பிறந்து, ஆற்றுப்பாலம் இடிந்து, ஒரு மாதம் தபால் நின்றுபோன வருஷம்தான் எங்கள் கம்பெனியின் முதல் கார் வெளியே வந்தது. வந்தது என்ன, அது ஸ்டார்ட் ஆகாமல் ஒன்பது பேர் பின்னால் நின்று தள்ளினோம். கைதட்டியவர்களுக்கு அது தெரியாது.

பெரியவன் வெளிநாட்டுக் கார் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். முந்தாநாள் என்றால், "நம்ம சோத்துல நாமளே மண்ணள்ளிப் போடறதா?" என்று கத்தியிருப்பேன்.

நேற்று எங்கள் பழைய பெயிண்டர் குள்ளன், தன் மருமகனுடைய வெளிநாட்டுக் காரில் என்னைப் பார்க்க வந்தான். அந்த மாதிரி வண்டிகளை கேட்டுக்குள் விடக் கூடாது என்பது கம்பெனி சட்டம். கேட் காவல் நான். கையை நீட்டி மறித்துவிட்டேன்.

"டேய் நெட்டை, இந்த வண்டிக்குக் கதவு உங்க ரெண்டாவது ஷெட்டுலதான் செய்யறாங்க. உங்க வண்டிக்கு இன்ஜின் கப்பல்ல வருது. எதுடா நம்ம வண்டி?"

"சட்டம்டா."

"அன்னிக்குத் தள்ளினப்ப எந்தச் சட்டத்தடா பாத்தோம்?"

இறங்காமலே திரும்பிப் போய்விட்டான்.

பெரிதாக ஒன்றுமில்லை, நீ கவலைப்படாதே. பெரியவனுக்கு என்ன சொல்வதென்றுதான் தெரியவில்லை. அவன் இஷ்டம்போல வாங்கட்டும்.

இங்கே குளிர் அதிகம். காதை மூடும் கம்பளித் தொப்பி ஒன்று பின்னி அனுப்பு. ஒன்று வேண்டாம், இரண்டாக அனுப்பு. இன்னொன்று சின்னத் தலைக்கு.

கேன்டீன்காரருக்கு உலை பொங்குகிறதாம், முடிக்கிறேன். அந்த ஒன்பது பேரில் என்னைத் தவிர இன்னும் உயிரோடு இருப்பது குள்ளன் ஒருவன்தான்.