ஒட்டிப்போன இரண்டு படங்கள்

மார்கழி 9, செவ்வாய்

“உப்பேறிக் காய்ஞ்ச வலையை ஆரும் இழுத்துப் பிரிப்பினமோ, ரீச்சர்? இந்த அவசரத்தோடையோ பிள்ளையளுக்குப் படிப்பிச்சனீங்கள்?” காலையில் மீன் கொண்டுவந்த யோசேப்பு அண்ணை இப்படிக் கேட்டார்.

என் கையில் கத்தி. புயல் வெள்ளத்தில் நனைந்த அல்பம் காய்ந்து, செத்துப்போன தங்கச்சியின் ஒரே படம் அம்மாவின் படத்தோடு ஒட்டியிருந்தது; அதைத்தான் கீறிப் பிரிக்கப் பார்த்தேன்.

“அதை வையுங்கோ. ஊறினாத்தான் விடும்,” என்று சொல்லி, தட்டில் நல்ல தண்ணீர் விட்டு இரண்டையும் அமிழ்த்தினார். கடித உறையிலிருந்து முத்திரை கழலுவதுபோல மெல்ல மெல்ல விலகின. தங்கச்சியின் சட்டையில் நிறமே இல்லை. முகம் அப்படியே இருக்கிறது.

நான் அழுததில் அண்ணைக்குத் தேத்தண்ணிகூடக் கொடுக்கவில்லை. அவர் கடவுள்போல வந்தார்.

மறக்காமலிருக்க எனக்கு: மிச்சப் படங்களை நாளைக்கு ஊறவிடு. நிழலில் காயவை.