வெட்டாமல் விட்ட கை

ஹுஷி
1 ஏப்ரல் 2017

அன்புள்ள ஒலிம்பியா அக்கா,

யாஷ் நகர மருத்துவமனையிலிருந்து நான் வீடு திரும்பி ஐந்து வாரம். வயிற்றைச் சின்னதாக்க வெட்டிப் போட்ட தையல் காய்ந்துவிட்டது. இப்போது மசித்த பீன்ஸ், மூன்று கரண்டி. நான்காவதற்கு இடமில்லை. இடமில்லை என்பது எனக்குப் புதிய சொல்.

செவிலியர் பரஸ்கீவா சொன்னபடி முதல் தேதியில் எழுதுகிறேன். நம்மை ஜோடி சேர்த்தபோது அவர் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "போன்ல பேசிக்கக் கூடாது. போன்ல எல்லாரும் பொய் சொல்லுவீங்க. கையால எழுதுங்க, கை கூசும்." மருந்துக்கடை எடை மெஷின் துப்பும் சீட்டையும் ஒட்டச் சொன்னாரே, ஒட்டியிருக்கிறேன். 176 செ.மீ. 122 கிலோ. அறுவைக்கு முன் 134.

உயரத்தைப் பார்த்ததும் உங்கள் நினைவு வந்தது. என் பாதம் இரண்டும் கட்டிலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்க, நீங்கள் மயக்கம் தெளியாமலே கேட்டீர்கள்: "யாருடி அது, நாரையைக் கொண்டாந்து படுக்க வெச்சது?" சிரித்ததில் எனக்குத் தையல் வலித்தது.

உங்கள் வலது பாதத்துப் புண் எப்படி இருக்கிறது? டாக்டர் சொன்னதை மறந்துவிடாதீர்கள். அடுத்த வருட ஈஸ்டருக்குள் தொண்ணூறு கிலோவுக்கு வர வேண்டும். வராவிட்டால் சர்க்கரை பாதத்தை எடுத்துக்கொள்ளும்.

அன்புடன்,
ஜன்னலோரக் கட்டில்,
ஸ்மரந்தா


ஃபல்திச்சேன்
20 ஏப்ரல் 2017

என் நாரைக்குட்டிக்கு,

கடிதம் வந்தது. தாமதமாகப் பதில் எழுதுகிறேன், ஈஸ்டர்தான் காரணம். ஆட்டுக்கறி வாசனையோடு நிறுத்திக்கொண்டேன். வாசனைக்கு எடை கிடையாது என்று நினைக்கிறேன்.

சீட்டு ஒட்டியிருக்கிறேன். 158 செ.மீ. 117 கிலோ. பத்துக் கிலோ போயிருக்கிறது. புண் சின்னதாகி வருகிறது. கறுப்பாக இருந்தது இப்போது சிவப்பு.

என் தொழில்தான் எனக்கு எதிரி. இந்த ஊரில் யார் இறந்தாலும் திதிக் கோதுமை என் அடுப்பில்தான் வேகிறது. கோதுமை, சர்க்கரை, வால்நட். ருசி பார்க்காமல் எப்படி இறக்குவது? வாயில் போட்டுத் துப்புகிறேன். போன வாரம் பாதிரியார் பார்த்துவிட்டார்.

"ஒலிம்பியா, செத்தவங்க சோத்தைத் துப்புறியா?"

"இல்ல சாமி, பல் வலி."

"முப்பது வருஷமா வராத பல் வலி."

துப்புவது எனக்கும் உறுத்துகிறது. என் வீட்டுக்காரர் நெகுலாய் போய் மூன்று வருடம். அவர் பேரில் வரும் தட்டை ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுவேன். நாம் சாப்பிட்டால்தான் அவர்களுக்குப் போய்ச் சேரும். இது உன் நூலகப் புத்தகங்களில் இருக்காது.

பரஸ்கீவா அம்மா டிஸ்சார்ஜ் அன்று சொன்னதை அலமாரிக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன். "நாங்க வெட்டுனது வயித்தை. கையை வெட்டல. கை உங்களோடது." அதன் கீழே உன் சீட்டு. மாதாமாதம் வரிசையாக ஒட்டப்போகிறேன்.

முத்தங்களுடன்,
கதவோரக் கட்டில்,
ஒலிம்பியா


ஹுஷி
1 ஜூலை 2017

அன்புள்ள அக்கா,

108. சீட்டைப் பாருங்கள்.

நூலக வேலைக்கு நடந்தே போகிறேன். பழைய பாவாடைகளைப் பக்கத்துத் தெருவுக்குக் கொடுத்துவிட்டேன். கண்ணாடியில் ஒரு கழுத்து தெரிகிறது. யாருடையது என்று பார்க்கிறேன்.

வேறு செய்தி இல்லை. புளிப்புச் செர்ரி பழுத்துவிட்டது. ஜாடியில் சர்க்கரையும் சாராயமும் சேர்த்து ஜன்னலில் வைத்திருக்கிறேன். போன வருடத்து ஜாடி காலி. வீட்டுக்கு ஆட்கள் வந்து போகிறார்கள்.

போன மாதம் நீங்கள் 113 என்று எழுதியிருந்தீர்கள். இன்னும் வேகம் வேண்டும் அக்கா.

அன்புடன்,
ஸ்மரந்தா


ஃபல்திச்சேன்
27 ஆகஸ்ட் 2017

கண்ணே ஸ்மரந்தா,

திட்டாதே. முதலில் முழுக்கப் படி.

ஜூலையில் எதிர்வீட்டு அக்லாயா இறந்துபோனாள். தூங்கியபடியே. சாவதற்கு முன்பே மகள் திங்காவிடம் சொல்லிவைத்திருக்கிறாள்: "என் நாற்பது நாள் தட்டு ஒலிம்பியாவுக்கு." இங்கே அதை மறுக்க முடியாது. இறந்தவர் பேரில் நாற்பது நாளும் ஒரே ஆளுக்குச் சாப்பாடு. அந்த ஆள் சாப்பிடாவிட்டால் போகிற வழியில் அந்த உயிர் பட்டினி.

தினமும் மதியம் திங்கா வாசலில் நிற்பாள். தட்டின் மேல் எரிகிற மெழுகுவர்த்தி.

"அம்மாவுக்கு, அக்கா."

"கடவுள் அவளை மன்னிக்கட்டும்."

வாங்கிக்கொள்வேன். முட்டைக்கோஸ் இலையில் சுற்றிய கறி, சோளக்களி, இனிப்பு ரொட்டி. ஒரே வேளையில் இறங்காது என்பது உனக்குத் தெரியும். நான்கு கரண்டி, அரை மணி நேரம், மறுபடி நான்கு கரண்டி. சாயங்காலம் வரைக்கும். முதல் வாரம் வாந்தி எடுத்தேன். இரண்டாம் வாரம் வயிறு பழகிக்கொண்டது. ரொட்டியைப் பாலில் கரைத்தால் வழுக்கிக்கொண்டு போகிறது.

சிரிப்பாய், ஆனால் சொல்கிறேன். அந்தச் சாப்பாடு என் எடையில் சேராது என்று நிஜமாகவே நினைத்தேன். அக்லாயா சாப்பிடுகிறாள், நான் வாய் மட்டும் கொடுக்கிறேன் என்று.

இன்றைய சீட்டு 121.

செப்டம்பரில் யாஷில் பரிசோதனை. போக வேண்டும். அலமாரிக் கதவில் உன் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன். ஒன்றுக்குக் கீழே ஒன்றாக, படி இறங்குகிற மாதிரி இருக்கிறது.

ஒலிம்பியா


ஹுஷி
1 செப்டம்பர் 2017

ஒலிம்பியா அக்கா,

99. மூன்று இலக்கம் போய்விட்டது.

திட்டாதே என்று எழுதியிருக்கிறீர்கள். திட்டத்தான் வேண்டும். நமக்கு ஒரே நாளில் ஒரே கத்தி. நான் இறங்குகிறேன், நீங்கள் ஏறுகிறீர்கள். நடுவில் இருப்பது என்ன? அக்லாயா இல்லை. எடை குறையாத எல்லோரிடமும் ஓர் அக்லாயா இருக்கிறாள். சிலருக்கு மாமியார், சிலருக்கு வேலை, சிலருக்கு மழை. கரண்டி யார் கையில் இருந்தது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கும் பசிக்கிறது. நான் தாங்குகிறேன்.

பாதத்தைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. கவனித்தேன்.

ஸ்மரந்தா


ஃபல்திச்சேன்
6 டிசம்பர் 2017

ஸ்மரந்தா,

மூன்று மாதம் நான் எழுதவில்லை. நீ நவம்பர் வரை சீட்டு அனுப்பிக்கொண்டிருந்தாய். எல்லாம் வந்தது.

செப்டம்பர் பரிசோதனைக்குப் போகவில்லை. காலையில் பேருந்து நிலையம் வரை போனேன். பையில் உன் கடிதம் இருந்தது. உன் டாக்டர்தானே என் டாக்டர், உன்னைப் பார்த்த கண்ணோடு என்னைப் பார்ப்பாரே என்று பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். பேருந்து போய்விட்டது. புண் திறந்திருந்தது, காலுறைக்குள் வைத்து மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நவம்பரில் இரண்டு விரலை எடுத்தார்கள். பெருவிரலும் அடுத்ததும்.

இன்று புனித நெகுலாய் திருநாள். அவர் பேர் கொண்ட நாள். திங்கா தட்டோடு வந்தாள், மெழுகுவர்த்தியோடு.

"உங்க வீட்டுக்காரருக்கு, அக்கா."

"திருப்பி எடுத்துட்டுப் போடி."

"பாவம் அக்கா, அவருக்குப் போய்ச் சேராதே."

"மூணு வருஷமா அவருக்குன்னு தின்னேன். நாப்பது நாள் உங்கம்மாவுக்குன்னு தின்னேன். ஒரு பருக்கை அங்க போகல திங்கா. விரல்தான் போச்சு."

அவள் அழுதுகொண்டே போனாள். நாளை ஊரே பேசும். பேசட்டும். அக்லாயா சாப்பிடவில்லை. நெகுலாய் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். எழுதிப் பார்த்தால் சின்ன வாக்கியம்தான்.

படுத்தே கிடப்பதால் அலமாரிக் கதவைப் பார்க்க நேரம் நிறைய. உன் சீட்டுகளில் எப்போதும் எடையைத்தான் பார்ப்பேன். நேற்று கண்ணாடி போட்டுக்கொண்டு மற்றதையும் படித்தேன். ஏப்ரலில் 176 செ.மீ. ஜூலையில் 164. செப்டம்பரில் 171. நவம்பரில் 181. அடியே, நீ ஆளா, நீட்டிச் சுருக்குகிற அக்கார்டியனா?

வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை. உயரம் ஏன் மாறுகிறது என்று மட்டும் கேட்கிறேன்.

ஒலிம்பியா


ஹுஷி
14 டிசம்பர் 2017

அக்கா,

மருந்துக்கடையில் எடை மெஷின் பக்கத்தில் ஒரு குப்பைக் கூடை இருக்கிறது. ஆட்கள் சீட்டைப் பார்த்துவிட்டுக் கசக்கிப் போட்டுவிடுவார்கள். முதல் தேதி சாயங்காலம் போய்ப் பொறுக்குவேன். வேண்டிய எடை கிடைக்கும்வரை. உயரம் என்று ஒன்று அச்சாகிறது என்றே தோன்றவில்லை.

வீட்டுக்கு ஆட்கள் யாரும் வந்து போகவில்லை. ஜாடிகளை நான்தான் காலி செய்தேன். இந்தச் சின்ன வயிற்றில் சாப்பாடு நிற்கும், செர்ரிச் சாராயம் நிற்காது, நேரே இறங்கிவிடும். இரண்டு மிடறில் தலை லேசாகும். மே மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். ஆகஸ்டில் நூலகத்துக்குப் போவதற்கு முன்பே. தேநீர்க் குவளையில் ஊற்றி மேசையில் வைத்திருப்பேன். யாரும் கேட்டதில்லை.

ஏப்ரல் சீட்டு ஒன்றுதான் என்னுடையது. இன்று 127.

செப்டம்பர் கடிதத்தைக் குடித்துவிட்டுத்தான் எழுதினேன். உங்களைத் திட்டத் திட்ட எனக்கு எடை குறைகிற மாதிரி இருந்தது. எழுதும்போது கை கூசவில்லை, அக்கா. பரஸ்கீவா சொன்னது தப்பு.

உங்கள் இரண்டு விரலும் என்னால் போனது. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் நீங்கள் பேருந்து ஏறியிருப்பீர்கள். இரவும் பகலும் இதே நினைப்புதான். என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள். புறப்பட்டு வரட்டுமா? வந்து உங்களைப் பார்த்துக்கொள்கிறேன். சமைக்கிறேன், கட்டு மாற்றுகிறேன்.

உங்கள்,
ஸ்மரந்தா


சுச்சாவா, மருத்துவமனை
20 ஜனவரி 2018

ஸ்மரந்தா,

பாதத்தை எடுத்துவிட்டார்கள். கணுக்காலுக்கு மேலே. ஜனவரி பதினொன்று. ஈஸ்டர்வரை அது காத்திருக்கவில்லை.

பக்கத்துக் கட்டில் பெண் கேட்டாள், "எப்படி ஆச்சு?" சர்க்கரை என்று சொல்ல வாய் வந்தது. "தின்னேன்" என்று சொன்னேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். முதல் முறை, வீட்டில், கோபத்தில் அலமாரிக் கதவிலிருந்து சீட்டுகளைக் கிழிக்க ஆசை, புண்ணோடு எழுந்துபோக முடியவில்லை. நாலாம் முறை படித்தபோது ஒன்று புரிந்தது. உனக்கு ஓர் அக்லாயா வேண்டும். முன்பு எடையை மறைத்த வெட்கம். இப்போது என் விரல். என்னைப் பார்த்துக்கொள்ள வந்தால், எனக்காகவே குடிக்கவில்லை என்பாய். பிறகு ஒருநாள் எனக்காகவே குடிப்பாய்.

உன் பொய்யால் எனக்கு வெட்கம் வந்தது. உண்மை. அதை நான் மன்னிக்கவில்லை, மன்னிப்பேனா தெரியாது. ஆனால் பெஞ்சிலிருந்து எழுந்திருக்காதது உன் கால் இல்லை. அப்போது எனக்கு இரண்டு காலும் இருந்தன. அந்தப் பாவத்தில் உனக்குப் பங்கு தர மாட்டேன். அது ஒன்றுதான் இப்போது முழுசாக என்னுடையது.

செப்டம்பரில் நீ எழுதியது சரி. கரண்டி யார் கையில். பொய் சொன்ன கை எழுதியிருந்தாலும் சரி.

இனி நான் எழுத மாட்டேன். நீ வராதே. வந்தால், வீட்டைப் பார்த்துக்கொள்கிற திங்கா கதவைத் திறக்க மாட்டாள், சொல்லிவைத்திருக்கிறேன். முதல் தேதி சீட்டு அனுப்புவதும் அனுப்பாததும் உன் கை. வந்தால் உயரத்தை முதலில் பார்ப்பேன்.

கதவோரக் கட்டில். இங்கேயும் அதுதான் கொடுத்தார்கள்.

ஒலிம்பியா


ஹுஷி
1 பிப்ரவரி 2018

176 செ.மீ. 126 கிலோ. இன்றைய சீட்டு. தேதி அதிலேயே இருக்கிறது.

ஜாடியைக் கொட்டவில்லை. கொட்டினேன் என்று எழுதி, அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். பாதி இருக்கிறது. ஜன்னலில்.

யாஷுக்குப் போன் செய்தேன். பரஸ்கீவா எடுத்தார். உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பற்றி மட்டும் சொன்னேன். "எவ்வளவு நாளா?" என்றார். மே மாதத்திலிருந்து என்றேன். அடுத்த வியாழக்கிழமை வரச் சொன்னார். ஏழு மணிப் பேருந்து.

நேற்று குடித்தேன். இன்று இதுவரை இல்லை. இப்போது காலை மணி பதினொன்று.

ஸ்மரந்தா