எத்தனை கொடுத்தாலும் வாங்கும் ஃபங்ஷன்

திங்கள், 4

காலையிலேயே மழை. வாசுகி அக்கா காரில் செமோரிலிருந்து ஈப்போ. என்னை இந்த ஆபீசில் சேர்த்துவிட்டதே அவர்தான்.

நான் எழுதிவந்த ஃபங்ஷன் முடிந்தது. ஹாஸ்கெல் என்ற கணினி மொழியில் ஒரு ஃபங்ஷன் எத்தனை உள்ளீடு வாங்கும் என்று முதலிலேயே சொல்லியாக வேண்டும். என்னுடையது இரண்டு கொடுத்தாலும் வாங்கும், ஒன்பது கொடுத்தாலும் வாங்கும். எல்லாவற்றையும் கோர்த்து ஓர் அறிக்கை ஆக்கும். எழுதியது என்னவோ சில வரிகள்தான்: ஒரு டைப் கிளாஸ், இரண்டு இன்ஸ்டன்ஸ். அதற்கே மூன்று வாரம் மண்டை காய்ந்தது.

“எங்க நிக்கணும்னு அதுக்கு எப்டி தெரியும்?” அக்கா.

“நாம கேக்குற விடையோட வகைய வச்சுதான்க்கா. அறிக்கை கேட்டா நின்னுரும். இன்னொரு ஃபங்ஷன் கேட்டா, இன்னும் ஒன்னு வாங்கிக்கும்.”

“எனக்கு அனுப்பிவிடு, பாத்துட்டுத் தாரேன்லா.”

அனுப்பினேன். கான்ட்ராக்ட் இந்த மாதத்தோடு முடிகிறது. வேலை நிரந்தரமாக, மேனேஜர் நாதன் சாரிடம் சொந்தமாகச் செய்தது ஒன்றைக் காட்ட வேண்டும். இதுதான் அது. அக்காவுக்கும் தெரியும்.

புதன், 6

மீட்டிங். சார் திரையில் காட்டியது என் ஃபங்ஷன். “வாசுகி செஞ்சது.”

ஃபைலின் முதல் வரியில் எழுதியவர் பெயர் போடுவது ஆபீஸ் வழக்கம். என் பெயர் இருந்த இடத்தில் அக்கா பெயர். கீழே என் குறிப்புகள் அப்படியே. அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

வியாழன், 7

வாங்க: குடை, அம்மாவுக்கு மாத்திரை.

காரில் வழக்கம்போல் எனக்கும் ஒரு நாசி லெமாக் பொட்டலம். “யார் பேரு போட்டா என்னலா, நாம ஒரே டீம்தானே.”

கேட்க நினைத்தது ஆயிரம். சாப்பிட்டேன். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, இதுதான். என் மேலும் கோபம்.

வெள்ளி, 8

கஸ்டமர் முன் அக்கா ஃபங்ஷனை ஓட்டிக்காட்டினார். விடை என்ன வகை என்று சொல்லாமல் நேரே அச்சிடச் சொல்லிவிட்டார். எங்கே நிற்பது என்று கம்பைலருக்குத் தெரியவில்லை. திரை முழுக்கச் சிவப்பில் பிழைச் செய்தி.

பேசாமல் இருந்திருக்கலாம். அக்கா முழிப்பதைப் பார்க்க ஆசையாகக்கூட இருந்தது. ஆனால் என் ஃபங்ஷன் உதவாது என்று நாலு பேர் நினைப்பதைத் தாங்க முடியவில்லை. எழுந்துபோய், வரிக் கடைசியில் ‘விடை அறிக்கை’ என்று வகையைச் சேர்த்தேன். ஓடியது.

“வாசுகி ஒங்கள நல்லா டிரெயின் பண்ணியிருக்காங்க,” சார். “அவங்களுக்குக் கீழயே இன்னும் ஆறு மாசம் கான்ட்ராக்ட் போட்டுரலாம்.”

தேங்க்ஸ் என்றேன். அக்காவுக்கும் சொன்னேன்.