மூன்று பேர் போட்ட தீர்மானம்

1936 கார்த்திகை 12, வியாழன்

எழுத்துகள் நண்டு நடந்த மணல்போல் கிடக்கின்றன. அறுபத்தெட்டு வயதில் எழுதப் பழகிய கை, பொறுக்க வேண்டும்.

இன்று தேவாலய நிர்வாக சபையின் சட்டப் புத்தகத்தை நானே வாசித்தேன்! ஏழு பேரில் நால்வராவது இல்லாவிட்டால், மிஞ்சியவர்கள் புதியவர்களைச் சேர்க்கலாம். வேறெதையும் தீர்மானிக்க முடியாதாம்.

அந்த வரியோடு மகிழ்ச்சி நின்றுவிட்டது. தன் மகளின் காய்ச்சலுக்குக் களுதாவளைப் பிள்ளையாருக்கு நேர்ந்தான் என்று, போன வருடம் என் மச்சான் சாமுவேலைத் தேவாலயத்தை விட்டு விலக்கியபோது சபையில் நாங்கள் மூவரே இருந்தோம்.

"அப்ப அது செல்லாதா ஐயா?" என்றேன்.

"செல்லாது. அண்டைக்கு ஒருத்தரும் இதை வாசிக்கல்லியா?" என்றார் புதிய பாதிரியார்.

"எனக்கு எழுத்துத் தெரியா. பெருவிரலைத்தான் வச்சன்."

உடனே தோணியேறிப் போய் மச்சானிடம் சொன்னேன்.

"ஒரு வருசமா வாசலுக்கு வெளியில நின்டு செபிச்சன். அதுவும் செல்லாதா மச்சான்?" என்றான்.

ஞாயிறு தேவாலயத்துக்குள் அவனை என் பக்கத்தில் இருத்திவிட்டுத்தான் இனி எழுதுவேன்.