கசக்காத சுரை

நாள் 1406, காலை 07:20

விதைக்கூடாரம், செவ்வாய் வடபள்ளம். அழுத்தம் சரி. வெப்பம் 24. பதினோராம் தலைமுறைச் சுரையில் ஒன்பது காய், அதில் மூன்று நீலம். வேறு மகரந்தம் கலக்காமலிருக்க நான் இங்கே தனியாக. அறுபது கிலோமீட்டர் தள்ளிக் குடியிருப்பில் முப்பத்தொரு பேர், ஆளுக்கொரு கொடி. காம்புப் பக்கம் கிள்ளி நாக்கில் வைப்பார்கள். கசப்பென்றால் நஞ்சு; உரக்குழிக்குப் போகும். கசக்காத காயின் விதை எனக்கு வரும்; கலந்து திருப்பி அனுப்புவேன்.

வானொலியில் ஜெபக்கனி: "கோதையக்கா, என் கொடியும் நீலமாத்தான் காய்ச்சிருக்கு. இது சுரைக்காயா, என் பழைய லுங்கியான்னு கேக்கறாரு சமையக்கார ரஹ்மத்தண்ணன். நாளன்னிக்கு மதியம் பொதுக்கூட்டு. எல்லார் காயும் ஒரே சட்டியில."

நாள் 1406, மாலை 16:05

புழுதிப் புயல். அலைபரப்பிக் கம்பம் விழுந்துவிட்டது. அவர்கள் பேசுவது கேட்கிறது. கம்பம் இல்லாமல் நான் பேசுவது எங்கிருந்தும் போகாது. சும்மா இருக்க முடியாமல் நீலக்காய் ஒன்றை நஞ்சளக்கும் பகுப்பானில் போட்டேன். காட்டுச் சுரையின் அதே நஞ்சு, அதில் இருப்பதைவிட மூன்று மடங்கு. மறுபடி போட்டேன். அதே எண். காம்பைக் கிள்ளி வாயில் வைத்துத் துப்பினேன். இனித்தது.

நாள் 1407, காலை 09:40

புரிந்துவிட்டது. நஞ்சு குறையவில்லை. சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டு நாக்குக்குத் தெரியாமல் போகிறது, குடலில் பிரியும். பதினோரு தலைமுறையாக நாங்கள் பொறுக்கி எடுத்தது நஞ்சில்லாத காயை அல்ல, ஒளித்துவைக்கத் தெரிந்த காயை.

பகுப்பானுக்கான மருந்து தீர்ந்துவிடுமென்று ஐந்தாம் தலைமுறையோடு சோதனையை நிறுத்தியவள் நான். நாக்கு போதும் என்றேன்.

நாள் 1408, காலை 06:30

நேற்று முழுதும் புயல், வண்டி எடுக்க முடியவில்லை. இரண்டு முறை கம்பத்தை நட்டேன். நிற்கவில்லை. வண்டியில் நாற்பது கிலோமீட்டருக்குத்தான் மின்சாரம். கிளம்புகிறேன்.

நாள் 1408, மதியம் 12:50

வண்டி நின்றுவிட்டது. இன்னும் இருபத்திரண்டு.

தலைக்கவச வானொலியில் ஜெபக்கனி: "அக்கா, கேக்குதா? ஒரு துளி கசப்பில்ல. எல்லாரும் ரெண்டாந்தரம் வாங்கினாங்க. உங்களுக்கு ஒரு கிண்ணம் எடுத்து வச்சிருக்கேன். ரஹ்மத்தண்ணன் கண்ணு அதுமேலதான்."

நடக்கிறேன். காற்று நான்கு மணி நேரத்துக்கு.

15:10

ஜெபக்கனி: "அக்கா, பசங்களுக்கு வாந்தி. ரஹ்மத்தண்ணன் எந்திரிக்கல. தண்ணி கெட்டிருக்கும்போல, குழாய மூடிட்டோம்."

கத்தினேன். தலைக்கவசத்துக்குள் என் குரல்தான்.

16:25

ஜெபக்கனி: "பயப்படாதீங்கக்கா. சுரைக்கா சாறு பிழிஞ்சு எல்லாருக்கும் குடுத்திட்டிருக்கேன். வயித்துக்கு அதானே நல்லது. நீலக்காயிலதான் சாறு நெறைய இருக்கு. நானும் குடிச்சேன்."

குடியிருப்பின் விளக்கு இன்னும் கண்ணில் படவில்லை

இதை எடுப்பவருக்கு. கூடாரத்தில் விதைப்பெட்டி இருக்கிறது. அவசரத்தில் விட்டு வந்தேன். எரித்துவிடுங்கள். கொடி அழகாகப் படரும், காய் இனிக்கும், நாக்கை நம்பி