அறுகம் குடாவில் கணபதி என்ற ஒருவன்

பொத்துவில்
1912 மார்ச் 4

அன்பு மிக்க ஜெயலெட்சுமிக்கு ராமாமிர்தம் எழுதுவது. நான் சுகமாக வந்து சேர்ந்தேன். நீயும் சின்னவளும் சுகம் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

பசறை தாண்டி மொனராகலை வரை மாட்டுவண்டி குலுக்கியதில் இடுப்பு கழன்றுவிட்டது. நீ கட்டிக் கொடுத்த புளிச்சோறு இரண்டாம் நாள் வரை தாங்கியது. அப்புறம் காட்டுப் பாதையில் யானை நின்றதால் அரை நாள் காத்திருந்தோம். இங்கே ஸரூக் என்பவர் தம் கடையின் பின்னறையில் இடம் கொடுத்திருக்கிறார்.

தோட்டத்து வேலை என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். விஷயம் இதுதான். கார்த்திகையில் யாருக்கும் சொல்லாமல் நம் தேயிலைத் தோட்டத்தை விட்டுப் போன ரெங்கசாமியும் அவன் பெண்சாதி இராக்கம்மாவும் இங்கே அறுகம் குடாவில் இருப்பதாக ஒரு கருவாட்டு வியாபாரி கங்காணியிடம் சொல்லியிருக்கிறான். நோட்டீஸ் கொடுக்காமல் போனவர்களுக்கு வாரண்ட் உண்டு. ஆனால் கான்ஸ்டபிளுக்கு ஆளைத் தெரியாது. ஒன்பது வருஷம் தினமும் காலைப் பெரட்டில் அவர்கள் பெயரைக் கூப்பிட்ட கணக்கப்பிள்ளை நான்தானே. நீயே போய் ஆளைக் காட்டு என்றார் துரை. கான்ஸ்டபிள் மட்டக்களப்பிலிருந்து பத்தொன்பதாம் தேதி வருவார். அதற்குள் நான் பார்த்து நிச்சயம் செய்துகொள்ள வேண்டும்.

நாளைக்குக் குடாவுக்குப் போகிறேன். சின்னவளுக்கு என் முத்தம்.

ராமாமிர்தம்


தெமோதரை
1912 மார்ச் 8

அத்தானுக்கு ஜெயலெட்சுமி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நாங்கள் சுகம். சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பா வந்துதான் கூரையில் போட வேண்டும் என்று துணியில் முடிந்து வைத்திருக்கிறாள். கம்பளியை மறந்து போய்விட்டீர்கள். கடற்கரையில் அது தேவைப்படாது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள், ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை.

எதற்காகப் போகிறீர்கள் என்று என்னிடம் சொல்லாமல் போனீர்களே. சொல்லியிருந்தால் நானும் ஒன்று சொல்லியிருப்பேன். காகிதத்தில் எழுதக் கை வரவில்லை. இது யார் கையில் போய்ச் சேருமோ.

அந்தப் பெண்ணைப் பார்த்தீர்களா? உடம்பு தேறியிருக்கிறாளா? அவர்கள் இல்லையென்றால் உடனே திரும்பி வாருங்கள். அவர்கள்தான் என்றாலும் என்னிடம் கேட்காமல் யாரிடமும் எதுவும் பேச வேண்டாம். இந்த ஒன்றை எனக்காகச் செய்யுங்கள்.

ஜெயலெட்சுமி


பொத்துவில்
1912 மார்ச் 12

அன்பு ஜெயலெட்சுமிக்கு,

உன் கடிதம் இன்று வந்தது. நீ கேட்டதற்கு எனக்கே பதில் தெரியவில்லை.

குடா ஊருக்குத் தெற்கே இருக்கிறது, நடக்கிற தூரம்தான். பிறை மாதிரி வளைந்த மணல். நான் கடலில் வந்தது இலங்கைக்கு வந்த அந்த ஒரே முறை, அதுவும் கப்பலின் அடித்தட்டில் வாந்தி எடுத்துக்கொண்டு. இந்தத் தண்ணீர் அப்படியில்லை, குளம் போலக் கிடக்கிறது. கரையோரம் எருமைகள் படுத்து அசைபோடுகின்றன. வலை இழுக்கும் நேரம் தவிர ஆள் சத்தமே இல்லை. தப்பு மேளம் அடித்து எழுப்புகிற இடத்திலிருந்து போனவனுக்கு அங்கே எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது என்றே தெரியவில்லை.

கடைசிக் குடிசையில் ஒருவன் வலை முடைந்துகொண்டிருந்தான். பெயர் கணபதி என்றான். பிறந்தது பொத்துவில்தான் என்றான், ஆனால் பேச்சு நம் பக்கத்துப் பேச்சு. நீ ரெங்கசாமி இல்லையா என்று கேட்டேன்.

“அப்படி ஒருத்தரையும் தெரியாதுங்க” என்று சிரித்தான். ரெங்கசாமி சிரித்து நான் பார்த்ததில்லை. எதை வைத்து ஒப்பிடுவது? உள்ளேயிருந்து ஒரு பெண் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். என் முகத்தை நேராகப் பார்த்து, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டாள். பதுளைப் பக்கம் என்றேன். அது தூரமா என்றாள்.

நாலு தரம் போய்விட்டேன். ஒரு நாள் அவர்கள்தான் என்று சத்தியமே செய்வேன். மறுநாள் இல்லை என்று படுகிறது. யோசித்துப் பார்த்தேன். பெரட்டு நடப்பது விடியுமுன், பனியில். எல்லார் தலையிலும் கம்பளி. நான் பெயர் சொல்வேன், ‘ஆமாங்க’ என்று ஒரு குரல் வரும், புத்தகத்தில் கோடு போடுவேன். ஒன்பது வருஷமும் நான் பார்த்தது அந்தப் புத்தகத்தைத்தான்.

அவர்கள் எப்போது வந்தார்கள் என்று ஸரூக்கிடம் விசாரித்தேன். மீன்பிடிக்கிறவர்கள் வருவார்கள் போவார்கள், தமக்கு அதெல்லாம் தெரியாது என்று சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்.

ஆமென்றால் இருவருக்கும் மறியல், சிறைதான். ஆள் மாறியிருந்தால் ஒரு பாவமும் செய்யாதவர்களுக்கு மறியல். இல்லையென்று சொல்லி, பிறகு அவர்கள்தான் என்று துரைக்குத் தெரிந்தால் நமக்கு வேலையும் இல்லை, இருக்கிற வீடும் இல்லை. நீ என்ன சொல்கிறாய்? நீ கேட்டுக்கொண்டபடி யாரிடமும் வாய் திறக்க மாட்டேன்.

ராமாமிர்தம்


தெமோதரை
1912 மார்ச் 16

அத்தான்,

இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். அவர்கள்தான். குடாவுக்குப் போகச் சொன்னவளே நான்தான்.

தன் குழந்தையைப் புதைத்த மறுநாள் இராக்கம்மா நம் வீட்டுக் கொல்லைப்பக்கம் வந்து நின்றாள். அழவில்லை. “இங்க இருந்தா தெனம் அந்தக் குழியத் தாண்டித்தான் கொழுந்தெடுக்கப் போகணும். என்னால ஆகாதும்மா” என்றாள். வளையல் விற்க வரும் ஜெனீரா தன் ஊர்க் குடாவைப் பற்றி அடிக்கடி சொல்வாள். அங்கே பிழைக்க வந்தவர்களை யாரும் துருவிக் கேட்பதில்லை என்பாள். அந்த வழியைச் சொல்லி, அவலும் வெல்லமும் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். உங்களிடம் மறைத்தது என் தப்பு.

ஆனால் நீங்களும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட அன்று அவள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு உங்கள் மேசைக்கு வந்து லீவு கேட்டாள். நீங்கள் நிமிரவில்லை. கங்காணியிடம் கேள் என்றீர்கள். கங்காணி அவளைக் கொழுந்தெடுக்க மலைக்கு விரட்டினார். அவள் இறங்கி வருவதற்குள் லயத்து அறையில் குழந்தை போய்விட்டது. நான் நம் வீட்டு ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். நானும்தான் வெளியே வரவில்லை.

வேலை போனால் போகட்டும். இன்றைக்கே குடாவுக்குப் போய், பயப்பட வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

ஜெயலெட்சுமி


பொத்துவில்
1912 மார்ச் 20

அன்பு ஜெயலெட்சுமிக்கு,

உன் கடிதம் இன்று மத்தியானம் வந்தது. நீ சொன்னபடி அடுப்பில் போட்டுவிட்டேன். அது வரும்போது எல்லாம் முடிந்திருந்தது.

திங்கட்கிழமை என் மனசு ஒருவழியாக ஒரு முடிவுக்கு வந்தது. அவர்களாக இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, இல்லை என்றே சொல்லிவிடுவது. அதை அவர்களிடம் தெரிவிக்கத்தான் குடாவுக்குப் போனேன். போனபின் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. காற்றைப் பற்றிக் கேட்டேன், மீனைப் பற்றிக் கேட்டேன். அவன் குனிந்த தலை நிமிராமல் வலையை முடைந்தான். அவள் வாசலுக்கு வந்தாள்.

“ரெண்டு வாரமா வர்றீங்க. எங்ககிட்ட என்னங்க வேணும்?”

“நாளைக்கு வர்றேன்” என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். விடைபெறும்போது எல்லாரும் சொல்வதுதானே. மறுநாள் கான்ஸ்டபிள் வருகிறார் என்பது அவர்கள் காதுக்கும் எட்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் போனால் குடிசை காலி. பானையில் தண்ணீர் ஊற்றிய பழைய சோறு அப்படியே இருந்தது. பாதி முடைந்த வலை தரையில் கிடந்தது. பக்கத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை. கான்ஸ்டபிள் வந்தார். இவர்கள் அவர்கள் இல்லை, எனக்கு நிச்சயம் என்றேன். பின் ஏன் ஓடினார்கள் என்று கேட்டார். தெரியாது என்றேன். எழுதிக்கொண்டு போனார்.

உன் கடிதத்தைப் படித்தபின் அந்த நாளை நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். மேசை முன்னால் ஒருத்தி குழந்தையோடு நின்றது வரவே மாட்டேனென்கிறது. செம்பை நீட்டிய முகம்தான் வருகிறது, இடது புருவத்துக்கு மேலே சின்னத் தழும்போடு. அதை நான் பார்த்தது இந்தக் குடாவிலா, தோட்டத்திலா, அதுவும் குழம்புகிறது. நான் அவர்களைக் காப்பாற்றினேனா, விரட்டினேனா? நீ முதல் கடிதத்திலேயே சொல்லியிருந்தால் என்று நினைக்கிறேன். சொல்ல முடியாதவனாக உனக்கு நான் இருந்திருக்கிறேன் என்றும் நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை வண்டி ஏறுகிறேன். கான்ஸ்டபிளிடம் சொன்னதையே துரையிடமும் சொல்வேன். அப்புறம் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுப்பேனா என்பதை வந்துதான் பார்க்க வேண்டும்.

ஜெனீரா அடுத்த தடவை வளையல் கொண்டுவரும்போது அவர்கள் எங்கே போனார்கள் என்று உன்னிடம் சொல்லக்கூடும். சொன்னால் உன்னால் ஆனதைச் செய். எனக்கு மட்டும் சொல்லாதே.

ராமாமிர்தம்